வீட்டுத் தோட்டத்தில் இயற்கையான குளம்: ஒப்பந்தக்காரர் இல்லாமல் நாமே அமைக்க முடியுமா?

கேள்வி: காட்பாடிக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில் முப்பதடிக்கு இருபதடி இடம் காலியாக இருக்கிறது. அல்லி, தவளை, தும்பி என்று இயற்கையாகத் தோன்றும் ஒரு சிறு குளத்தை அங்கே அமைக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. சிமென்ட் தொட்டி கட்டி ஓரத்தில் பாறை பதித்துத் தர ஒப்பந்தக்காரர் ஒருவர் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் கேட்கிறார். எங்கள் கொத்தனாரோ, ஏரிக் களிமண் இரண்டு லோடு கொட்டி மிதித்தாலே போதும் என்கிறார். எங்களுடையது செம்மண். அதில் தண்ணீர் நிற்குமா? கொசு வரும் என்று மாமியார் தடுக்கிறார். நாங்களே செய்து கொள்ள முடியுமா?

பதில்: முடியும். பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், நடுவில் இரண்டரை அடி ஆழம் என்ற அளவில் நிறுத்திக் கொண்டால், மண்வெட்டியும் கடப்பாரையும் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் இருந்தாலே போதும். இதற்கு ஒன்றே முக்கால் லட்சம் கொடுக்க வேண்டியதில்லை. சிமென்ட் தொட்டியும் வேண்டாம். கோடையில் செம்மண் காய்ந்து இறுகி, மழையில் ஊறி இளகும்போது மெல்லிய சிமென்ட் பூச்சு விரிசல் விடும்; விரிசலை அடைக்க அதே ஒப்பந்தக்காரரை மறுபடியும் அழைக்க வேண்டி வரும். புதுச் சிமென்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தன்மையை உயர்த்தி மீன்களைக் கொல்லும். பல முறை நிரப்பி வடித்த பிறகுதான் மீன் விட வேண்டும் என்பதை இந்த வேலையை எடுத்துச் செய்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அடுத்து, களிமண். உங்கள் கொத்தனார் சொன்னது முழுத் தவறு அன்று. ஓர் இடத்தில் மட்டும் அது உண்மை. உங்கள் மனை முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நஞ்சையாக இருந்து, இரண்டு மூன்றடி ஆழம் வரை இயற்கையாகவே களி படிந்திருக்குமானால், வேறு எதுவும் விரிக்காமலேயே குளம் நிற்கும். நம் முன்னோர்கள் வடாற்காடு முழுவதும் ஏரிகளையும் தாங்கல்களையும் அப்படித்தான் நிறுத்தினார்கள். உங்கள் மண் எப்படி என்று நீங்களே அறிந்து கொள்ளலாம். இரண்டடி ஆழத்தில் எடுத்த ஈர மண்ணைப் பென்சில் கனத்துக்கு உருட்டி மோதிரம் போல வளையுங்கள். உடையாமல், விரியாமல் வளைந்தால் களி இருக்கிறது. வளைக்கும்போதே உதிர்ந்தால் இல்லை. பிறகு இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி ஒரு நாள் ஊற விட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி, தண்ணீர் மட்டத்தில் ஒரு குச்சியால் அடையாளம் செய்து, மேலே பலகை வைத்து மூடுங்கள். இருபத்து நான்கு மணி நேரத்தில் ஒரு விரல் அகலத்துக்குள் இறங்கியிருந்தால் அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்கத் தேவையில்லை. அதற்கு மேல் இறங்கியிருந்தால் களிமண் பேச்சை அத்தோடு விட்டு விடுங்கள்.

உங்கள் செம்மண்ணில் அந்தக் குழித் தண்ணீர் ஒரே இரவில் வற்றிவிடும் என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்ட மண்ணின் மேல் வெளியிலிருந்து களி கொண்டு வந்து போடுவதாக இருந்தால், அடியிலும் பக்கங்களிலும் ஓரடி கனத்துக்கு ஈரமாகவே மிதித்துப் பூச வேண்டும். ஆண்டு முழுவதும் அது காயாமலும் பார்த்துக் கொள்ள வேண்டும். கத்திரி வெயிலில் நீர்மட்டம் அரையடி இறங்கினாலே மேற்பகுதி வெடித்துவிடும். ஐப்பசியில் மழை வரும்போது தண்ணீர் அந்த வெடிப்பின் வழியாகவே வெளியேறும். இதற்கெல்லாம் இரண்டு லோடு போதுமா என்பதே சந்தேகம்.

களிமண் லோடு என்று வருவது களிமண்தானா என்பது இன்னொரு கேள்வி. மேலே ஒரு சாண் கருப்பு மண்ணும் அடியில் சவுடும் ஏற்றி வரும் லாரிகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரியில் வண்டலும் களியும் கட்டணமின்றி எடுத்துக் கொள்ள அரசு அனுமதி தருகிறது. வட்டாட்சியரே அந்த அனுமதியை வழங்கலாம் என்று 2024-இல் நடைமுறையும் எளிதாக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாரோ ஒரு விவசாயியின் பெயரில் வாங்கிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இலவச மண்ணை உங்களிடம் லோடு கணக்கில் விற்கும் இடைத்தரகர்கள் இதற்குள் முளைத்துவிட்டார்கள். முறைப்படி நான்கு கூடை மண் கேட்கிற குயவர் அலுவலக வாசலில் நிற்கிறார். இரவில் ஓடும் லாரியை நிறுத்த ஆள் இல்லை. இதை எத்தனை காலம்தான் பொறுத்துக் கொள்வது? நீங்களாவது அந்த மண்ணை வாங்காதீர்கள்.

ஆகவே உங்களுக்கு ஏற்றது தாள் விரித்த குளம்தான். பண்ணைக் குட்டைகளுக்கு விரிக்கும் 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் கனமுள்ள, எச்.டி.பி.இ. என்னும் அடர்த்தியான பாலித்தீன் தாள் போதுமானது. இ.பி.டி.எம். என்னும் ரப்பர் தாள் இன்னும் நன்றாக வளையும், நெடுங்காலம் உழைக்கும். ஆனால் விலை அதிகம். குளத்தின் நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கையும், இரு கரைகளுக்கும் ஒன்றரை அடி வீதம் மூன்றடியையும் கூட்டினால் தாளின் நீளம் கிடைக்கும். அகலத்துக்கும் இதே கணக்குதான். உங்கள் குளத்துக்கு இருபதடிக்குப் பதினாறடி, அதாவது 320 சதுர அடி, ஏறத்தாழ 30 சதுர மீட்டர் வரும்.

தாள் வாங்கும்போதுதான் மக்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள், ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கடைக்காரர் 500 மைக்ரான் என்று சொல்லிக் கொடுப்பது பல சமயம் 300-கூட இருப்பதில்லை. விரலால் தடவி யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் தராசு காட்டிக் கொடுத்துவிடும். உண்மையான 500 மைக்ரான் எச்.டி.பி.இ. தாள் சதுர மீட்டருக்குச் சுமார் 470 கிராம் இருக்கும். உங்கள் 30 சதுர மீட்டர் தாள் 14 கிலோ அளவில் நிற்க வேண்டும். எட்டு, ஒன்பது கிலோதான் இருக்கிறது என்றால் உங்களுக்குக் கொடுப்பது 300 மைக்ரான் தாள். பணம் கொடுப்பதற்கு முன்பே கடையில் எடை போடச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். லாரிக்கு மூடும் தார்ப்பாயைக் குளத்துத் தாள் என்று சொல்லித் தலையில் கட்டுவதும் நடக்கிறது. அதில் 250 என்று அச்சிட்டிருந்தால் அது மைக்ரான் அன்று, ஜி.எஸ்.எம்.; சதுர மீட்டருக்கு 250 கிராம் என்று பொருள். அதாவது உங்களுக்குத் தேவையான தாளின் எடையில் ஏறக்குறைய பாதிதான். இரண்டு துண்டுகளைப் பசை போட்டு ஒட்டித் தருகிறேன் என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த வகைப் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது. வெப்பத்தால் இணைத்து ஒரே தாளாகத் தரச் சொல்லி வாங்குங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வேம்பு, புங்கன் நிழலைத் தவிர்த்து விடுங்கள். உதிரும் இலைகள் அடியில் அழுகித் தண்ணீரைக் கருப்பாக்கும். வேர் தாளைத் துளைக்கும். அல்லி பூக்க நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். தரையில் கயிற்றை வளைத்துப் போட்டு, மாடி ஜன்னலிலிருந்து பார்த்து, வடிவத்தை முடிவு செய்யுங்கள். ஓரத்தில் ஓரடி அகலத்துக்கு முக்கால் அடி ஆழத்தில் ஒரு படி விட்டு, அதன் பிறகு நடுப்பகுதியைத் தோண்ட வேண்டும். கரையோரச் செடிகளின் தொட்டிகள் அந்தப் படியில்தான் நிற்கும். ஒரு பக்கத்தை மட்டும் நீண்ட சரிவாக விடுங்கள். தவளையும் அணிலும் தண்ணீருக்கு வந்து திரும்பிப் போக அது வழி. தவறி விழுந்த ஓணான் ஏறி வரவும் அதுவே வழி. இரண்டரை அடி ஆழத்தைக் குறைக்காதீர்கள். வேலூர் வெயில் 42 டிகிரியைத் தொடும் நாட்களில் ஓரடித் தண்ணீரில் மீன் பிழைக்காது.

தோண்டி முடித்ததும் கரை மட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும். கொத்தனாரின் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், அதற்குப் போதும். ஒரு முனையைக் கரையில் ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு, மறுமுனையைச் சுற்றிலும் ஓரடிக்கு ஓரடி கொண்டு போய், எங்கே கரை தாழ்ந்திருக்கிறதோ அங்கே மண் போட்டுக் கெட்டிப்படுத்துங்கள். ஒரு பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தாலும் எதிர்ப்பக்கத்தில் இரண்டு அங்குலக் கருப்புத் தாள் எந்நேரமும் வெளியே தெரியும், குளத்தின் இயற்கைத் தோற்றமே போய்விடும்.

மலையடிவார மண்ணில் கூரிய கருங்கல் சில்லுகள் நிறைய இருக்கும். கையால் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுங்கள். இரண்டு அங்குல மணலோ சலித்த மண்ணோ பரப்பி, மேலே பழைய சாக்கு அல்லது ஜமுக்காளத்தை விரித்து, அதன் பிறகு தாளைப் போடுங்கள். போடுவதற்கு முன் ஒரு மணி நேரம் வெயிலில் காய விட்டால் தாள் இளகி மடிப்புக்கு இசையும். மண்ணுக்கடியில் பெருச்சாளி வளை இருந்தால் முதலில் அதை அடையுங்கள், இல்லாவிட்டால் அது தாளைக் கடித்துவிடும். தாளின் ஓரத்தை மண்ணுக்குள் படுக்கையாகப் புதைக்காமல், கல்லுக்கும் கரை மண்ணுக்கும் நடுவே செங்குத்தாக, நீர்மட்டத்துக்கு மேல் மூன்று அங்குலம் நிற்கும்படி விடுங்கள். படுக்கையாகப் புதைத்தால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலக் கரை மண் தண்ணீரை உறிஞ்சும். தாள் ஓட்டை என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இதுதான். கரையைச் சிறிது உயர்த்தி, தோட்டத்து உரம் கலந்த மழைநீர் உள்ளே வராமல் செய்யுங்கள். வந்தால் பாசி மண்டும். மிகுதி நீர் வழிய ஒரு குழாயை வாழைப் பாத்திக்கு விடலாம்.

கரைக்கு வைக்கும் கல்லைத் தோண்டும்போது கிடைத்ததிலிருந்தே எடுங்கள். போதாவிட்டால் கல் குவாரிக் கழிவை வாங்கலாம். பாலாற்றுக் கூழாங்கல் என்று விற்பதை வாங்க வேண்டாம். மணலும் கல்லும் அள்ளி அள்ளித்தான் அந்த ஆறு இந்த நிலைக்கு வந்திருக்கிறது.

குளம் ஏறத்தாழ 3,500 முதல் 4,000 லிட்டர் கொள்ளும். கோடையில் நாளொன்றுக்கு மூன்று நான்கு குடம் ஆவியாகும். அதற்கு மேல் இறங்கினால்தான் கசிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். மாடியின் மழைநீரைத் திருப்பி விடுவது மிகவும் நல்லது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக இரண்டு மூன்று நாள் வெயிலில் இருக்கட்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால், ஒவ்வொரு கோடை முடிவிலும் கால் பங்கை இறைத்துத் தென்னைக்குப் பாய்ச்சி, மழைநீரை நிரப்புங்கள். ஆவியாக ஆவியாக உப்பு கெட்டிப்படும்.

மாமியாரின் அச்சம் நியாயமானது, ஆனால் தீர்க்கக் கூடியது. நம் வெப்பத்தில் கொசு முட்டை பத்து நாட்களுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும். அதற்குள் புழுவைத் தின்ன மீன் இருக்க வேண்டும். இருபது முப்பது கப்பி மீன் போதும். தலையில் வெள்ளைப் புள்ளியோடு நீரின் மேல்மட்டத்தில் நீந்தும் நம் ஏரிச் சிறுமீன் கிடைத்தால் இன்னும் சிறப்பு. வண்ணக் கெண்டை என்று விற்கும் கோய் வேண்டாம், செடிகளை வேரோடு பிடுங்கும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கும் சக்கர் மீனும், தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வேண்டவே வேண்டாம். ஒரு பெருமழையில் இவை ஏரிக்குப் போய்விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. டெங்கு ஆய்வுக்கு வருகிறவர் குளத்தைக் கண்டதும் வடிக்கச் சொல்லலாம். மீன் இருப்பதையும் புழு இல்லாததையும் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு காட்டுங்கள். தெருவில் மாதக் கணக்கில் தேங்கிக் கிடக்கும் கால்வாயை விட்டுவிட்டு வீட்டுக் குளத்தைத் தேடி வரும் இந்த முறை மாறினால்தான் கொசு குறையும்.

அல்லி, வல்லாரை, வசம்பு, வேலம்பாசி ஆகியவற்றைத் தொட்டிகளில் வைத்து இறக்குங்கள். நீர்ப்பரப்பில் பாதியாவது நிழலாக வேண்டும். சம்பங்கோரையின் கூரிய கிழங்கு தாளைக் குத்திவிடும். ஆகாயத்தாமரையை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மானியம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். பண்ணைக் குட்டைக்கான மானியம் விளைநிலத்துக்கு உரியது. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் அலங்கார மீன் வளர்க்க 40 சதவீதமும், பெண்களுக்கு 60 சதவீதமும் உண்டு என்பது உண்மைதான்; ஆனால் அது மீன் வளர்த்து விற்கும் தொழிலுக்கு, அழகுக்காக அமைக்கும் குளத்துக்கு அன்று. இந்த வேறுபாட்டை அலுவலகங்களே ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தால் தரகர்களுக்கு வேலையே இருக்காது.

ஆனி, ஆடியில் தோண்டி ஆவணிக்குள் தாள் விரித்து முடித்தால், புரட்டாசி இடிமழையும் ஐப்பசி மழையும் குளத்தை நிரப்பும். முதல் சில வாரங்கள் தண்ணீர் பச்சையாகும். பயந்து வடித்துவிடாதீர்கள், செடிகள் வேர் பிடித்ததும் தானே தெளியும். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சிறு குழந்தைகள் இருந்தால், தண்ணீர் நிரப்பும் நாளுக்கு முன்பே மூன்றடி உயரத்துக்குச் சுற்றுவேலியும் பூட்டக்கூடிய கதவும் போட்டு விடுங்கள். ஓரடித் தண்ணீரே குழந்தைக்கு ஆபத்து. இந்தச் செலவில் மட்டும் எதையும் மிச்சம் பிடிக்காதீர்கள்.