சீப்புச் சீடைக்குக் கூலி கிடையாதா?

கேள்வி: எனக்கு 39 வயது. காரைக்குடி பக்கம் ஒரு கிராமம். இரண்டு வருடமாக வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். தேன்குழல், மனகோலம், கைமுறுக்கு, சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம் என்று மொத்தம் 11 வகை. சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள் மொத்தமாக வாங்கிப் போகிறார்கள். இப்போது செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு கடை வாடகைக்கு வந்திருக்கிறது. வாடகை 14,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். கையில் 2,75,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். முறுக்குச் சுற்ற இரண்டு பெண்கள் வருகிறார்கள், ஆளுக்கு நாள் கூலி 450. எங்களுக்கு நல்ல லாபம் சீப்புச் சீடையில்தான். கிலோ 190 ரூபாய் அடங்குகிறது, 420-க்கு விற்கிறோம், தினம் நாலு கிலோ போகும். அதற்குக் கூலிச் செலவும் கிடையாது. கணவருடைய பெரியம்மா வீட்டோடு இருக்கிறார், அவரே பார்த்துக்கொள்வார். இரண்டு மாதமாக அவருக்குச் சுட்டுவிரலை நீட்டி மடக்க வரவில்லை, அதனால் சீடை ஆர்டர் மட்டும் தாமதமாகிறது. கடையை எடுக்கலாமா? விலையை ஏற்றலாமா? இன்னும் என்னென்ன வகை சேர்க்கலாம்? கணவர் வேலையை விட்டுவிட்டுக் கூட வரலாமா?
- பெயர் வேண்டாம், காரைக்குடி அருகே.

பதில்: விரல் மடங்காத பெரியம்மாவை டாக்டரிடம் காட்டினீர்களா?

கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன். வாடகை இருக்கிறது, அட்வான்ஸ் இருக்கிறது, அடக்க விலை இருக்கிறது. டாக்டர் என்ற வார்த்தையைக் காணோம். இரண்டு மாதமாக ஒரு வயதான மனுஷிக்கு விரல் வேலை செய்யவில்லை, அது உங்களுக்கு ஆர்டர் தாமதம் என்ற வரியில் வந்து நிற்கிறது. அவருக்கு வலிக்கிறதா, ராத்திரி தூங்குகிறாரா, சோற்றைப் பிசைந்து சாப்பிட முடிகிறதா, ஒன்றும் எழுதவில்லை. நீங்கள் கேட்ட நாலு கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இதைப் பேசியாக வேண்டும்.

நீங்கள் அவரைப் பெரியத்தை என்று கூப்பிடுவீர்களாக இருக்கும். நானும் அப்படியே சொல்கிறேன்.

சீப்புச் சீடை எப்படிச் செய்வது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தினம் பார்ப்பது கண்ணில் படாமலே போய்விடும், அதனால் சொல்கிறேன். மாவை அச்சில் போட்டுப் பிழிந்தால் ஒரு பக்கம் சீப்புப் பல் மாதிரி வரி விழுந்து பட்டையாக வரும். அதை அளவாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சுட்டுவிரலில் சுற்றி, இரண்டு முனையையும் அழுத்தி ஒட்டி, உடையாமல் உருவித் துணியில் போட வேண்டும். ஒட்டு சரியாக விழாவிட்டால் எண்ணெயில் வாயைப் பிளந்துவிடும். தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த மாவு காய்ந்தால் விண்டு போகும், அதனால் ஆற அமரவும் செய்ய முடியாது. உட்கார்ந்தால் பிசைந்த மாவு தீரும்வரை எழுந்திருக்கக் கூடாது.

உங்கள் கடிதம் வந்த அன்று என் வீட்டில் கால் கிலோ சீப்புச் சீடை இருந்தது. கொட்டி எண்ணினேன். 61 இருந்தது. கிலோவுக்கு 244. நாலு கிலோவுக்கு 976. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆயிரம் தடவை அந்த ஒரே விரலில் மாவைச் சுற்றி, அழுத்தி, உருவி எடுத்திருக்கிறார் உங்கள் பெரியத்தை. இரண்டு வருடமாக. அந்த விரல் நின்று போனதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது?

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். முறுக்குச் சுற்ற வருகிறவர்களுக்கு நாளுக்கு 450. அது நியாயம், கொடுக்கத்தான் வேண்டும். அதே அடுக்களையில், அதே நேரத்துக்கு, அதைவிடக் கஷ்டமான வேலையைச் செய்கிறவருக்குச் சுழியம். ஏன்? வீட்டோடு இருக்கிறாரே, அதனால். மாதத்துக்கு 26 நாள் என்று வைத்தால் 24 மாதத்துக்கு 624 நாள். நாளுக்கு 450 என்றால் 2,80,800 ரூபாய். ஆரம்பத்தில் இவ்வளவு வியாபாரம் இல்லை என்பீர்கள். சரி, முதல் வருடத்துக்குப் பாதிக் கூலியே போடுங்கள். அப்போதும் 2,10,600 வருகிறது. நீங்கள் சேர்த்து வைத்திருப்பது 2,75,000. அதில் முக்கால்வாசிக்கு மேல் யாருடைய பணம் என்று நீங்களே பாருங்கள்.

சோறு போடுகிறோம், துணி எடுத்துக் கொடுக்கிறோம் என்று சொல்லாதீர்கள். அது வீட்டில் இருக்கிற பெரியவருக்குச் செய்ய வேண்டிய கடமை. அவர் ஒரு சீடைகூடச் சுற்றாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் அதைச் செய்துதான் ஆக வேண்டும். கடமையைக் கூலிக் கணக்கில் கழிக்கக் கூடாது. கடைப் பலகையில் அவர் பெயரைப் போட்டுவிட்டால் ஈடாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். பலகையில் பெயர் போடுவதற்கு முன்னால் கணக்கு நோட்டில் போடுங்கள்.

சொந்தத்துக்குள் கணக்கு எழுதுவது அன்புக் குறைவு என்று தோன்றுகிறதா? நீங்கள் இருக்கும் மண்ணில் அப்படி யாரும் நினைத்ததில்லை. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளைப் பாருங்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே வீட்டுக்குள்ளேயே ‘வேறு வைத்து’விடுவார்கள். தனி அடுப்பு, தனி அரிசி, தனி வரவு செலவு. ஒரே வளவை (வீட்டு நடு முற்றத்தை) சுற்றி நாலு குடும்பம் நாலு அடுப்பு மூட்டிக்கொண்டு, நல்லது கெட்டதுக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடையைப் பார்த்துக்கொள்ள அனுப்பின பையன் சொந்தக்காரனாகவே இருந்தாலும் சம்பளம் பேசி, தவணை பேசித்தான் அனுப்பினார்கள். பெண்ணுக்குக் கொடுத்த சீதனப் பணத்துக்கு அவள் பெயரில் தனியாகப் பற்று வரவு எழுதி வட்டி கட்டினார்கள். அத்தனை பெரிய வீடுகள் எழும்பினது இப்படி ஒவ்வொருவர் பங்கையும் எழுதி வைத்ததால்தான். நீங்கள் நகரத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அது வேண்டியதும் இல்லை. அவர்கள் பலகாரத்தை விற்கிறீர்கள், அவர்கள் கணக்கையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். என் அப்பாவின் அக்கா. சின்ன வயதில் கணவரை இழந்து திரும்பி வந்தவர். வீட்டில் பதினோரு பேருக்கு மாவு இடித்ததும் வடகம் போட்டதும் அவர்தான். வருடத்தில் ஒரு தடவை பிள்ளையார்பட்டிக்குப் போக ஆசைப்படுவார். காலையில் குளித்து, நல்ல சேலை உடுத்திக்கொண்டு, முகப்புத் தூணுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். கேட்க மாட்டார், நிற்பார், அவ்வளவுதான். அப்பா பேப்பர் படித்து முடித்து நிமிர்ந்து பார்த்தபிறகு சட்டைப் பையிலிருந்து சில்லறையை எண்ணிக் கொடுப்பார். பஸ்ஸுக்குப் போக வர எவ்வளவோ அவ்வளவுதான். அப்பா கெட்டவர் இல்லை, அக்காவிடம் உயிராக இருந்தார். ஆனால் தேங்காய் உடைக்க அத்தையிடம் காசு இருக்கிறதா என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. உங்கள் வீட்டுப் பெரியத்தை பஸ்ஸுக்கு யாரிடம் கை நீட்டுகிறார்?

சரி, உங்கள் கேள்விகள்.

கடையை இப்போது எடுக்காதீர்கள். சீடையில் கிலோவுக்கு 230 ரூபாய் லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு கிலோவுக்கு ஒரு ஆள் கூலி 450 என்றால் கிலோவுக்கு 112 ரூபாய் 50 காசு கழியும். மிஞ்சுவது 117 ரூபாய் 50 காசு. நொறுங்கல், பாக்கெட், கேஸ் எல்லாம் 190-க்குள் சேர்த்தீர்களா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். கடை வாடகையோ 26 நாளுக்குப் பிரித்தால் தினம் 538 ரூபாய். கரண்டும் கடையில் நிற்கிற ஆளும் அதற்கு மேல். கூலி கொடுத்துச் செய்த சரக்கை மூன்று மாதம் வீட்டிலிருந்தே விற்றுப் பாருங்கள். அப்போதும் கையில் நின்றால் கடை எடுங்கள். செக்காலை ரோட்டில் இந்தக் கடை போனால் இன்னொன்று வரும்.

விலையைத் தாராளமாக ஏற்றுங்கள். சீடைக்கு நூறு ரூபாய் கூட்டி 520 வையுங்கள். விரலில் சுற்றின சீடையை மெஷினில் பிழிந்த முறுக்கு விலைக்குக் கேட்கிறவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை. ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் நூறு ரூபாய்க்காகத் திரும்பிப் போக மாட்டார்கள். எண்ணெய் சிக்கு வாடை அடித்தால்தான் திரும்ப வர மாட்டார்கள். அதனால் எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது கெட்டுப்போய் உண்டாகிற போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதலே சட்டம் இருக்கிறது. நிறம் கறுத்து, நுரை அடங்காமல் நின்றால் அந்த எண்ணெயை மூடி வைத்து அடுத்த ஈடுக்கு எடுக்காதீர்கள், கழித்துவிடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து 14 இலக்க எண் வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் முதல் வேலை அது. பாக்கெட்டில் அந்த எண், எடை, தயாரித்த தேதி, சேர்மானம் எல்லாம் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி உங்கள் அளவுக்கு இப்போது பயமில்லை, சரக்கு வியாபாரத்துக்கு வருடம் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் பெங்களூருக்கு ஒரு பார்சல் விற்றாலும் வெளிமாநில விற்பனை, அங்கே அந்த வரம்பு செல்லாது. பாக்கெட் பலகாரத்துக்கு வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

வகை சேர்க்காதீர்கள், குறையுங்கள். பதினொன்று அதிகம். கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அவை சுட்ட சூட்டில் சாப்பிடுகிற சாமான், அலமாரியில் வைத்து விற்க ஆகாது. சொன்னால் மட்டும் சுட்டுக் கொடுங்கள்.

கணவர் வேலையை விடக் கூடாது. மாதச் சம்பளம் ஒன்று வீட்டுக்குள் வருகிறவரைதான் நீங்கள் நல்ல உளுந்து வாங்குவீர்கள்.

இனி பெரியத்தை. இதைப் படித்ததும் உங்களுக்குக் குற்ற உணர்ச்சி வந்து, “இனிமேல் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா உட்காருங்கள்” என்று அவரை அடுக்களையை விட்டு வெளியே அனுப்பிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், அது இன்னொரு கொடுமை. உளுந்து எவ்வளவு சிவக்க வறுக்க வேண்டும், தேங்காய்ப்பாலை எந்தச் சூட்டில் விட வேண்டும் என்ற பக்குவம் அவர் கையில்தான் இருக்கிறது. முறுக்குச் சுற்ற வருகிறவர்களில் ஒருவரைச் சீடைக்கு மாற்றுங்கள், பெரியத்தை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கட்டும். பதம் பார்க்கிறவர் அவர், பிசைந்து சுற்றுகிறவர்கள் மற்றவர்கள். அதற்கு மாதச் சம்பளம் பேசுங்கள். உங்கள் கணவர் பேசக் கூடாது, நீங்கள் பேச வேண்டும், கடை நடத்துகிறவர் நீங்கள்தானே. பழைய பாக்கி இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தையும் நோட்டில் அவர் பெயரில் வரவு வைத்து எழுதுங்கள். ஒரே நாளில் கொடுக்க முடியாது என்று எனக்கும் தெரியும். மாதா மாதம் கொஞ்சமாகக் கழியுங்கள். “எனக்கு எதுக்குடி காசு” என்பார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். கொடுங்கள்.

விரலுக்கு வருகிறேன். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கு விரலை மடக்குகிற தசைநாண் ஓடுகிற உறை தடித்து, மடக்கின விரல் நிமிராமல் மாட்டிக்கொண்டு, அப்புறம் டக்கென்று சுண்டி நிமிர்வது உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். அவருக்கு அதுதானா, வாதமா, வேறு ஏதாவதா என்று எலும்பு டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதுவாகவே இருந்தால் ஓய்வு, விரலுக்குக் கட்டு, ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் சின்ன ஆபரேஷன் என்று வழி இருக்கிறது. தள்ளிப் போடப் போட விரல் இறுகிக்கொள்ளும். நீங்கள் ஏற்கெனவே இரண்டு மாதம் தள்ளிவிட்டீர்கள்.

திங்கட்கிழமை சீடை போட வேண்டாம், ஆர்டர் கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். காலையில் அவரைக் காரைக்குடிக்குக் கூட்டிப் போங்கள். சர்க்கரைக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்கள். போகும்போது அவருடைய ஆதார் அட்டையையும் இரண்டு போட்டோவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வரும் வழியில் போஸ்ட் ஆபீஸில் இறங்கி அவர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, முதல் மாதச் சம்பளத்தை அவர் கையாலேயே கட்டச் சொல்லுங்கள். பாஸ் புத்தகம் அவர் பெட்டியில் இருக்கட்டும்.