டெரிக் ஹென்றி 2018 பருவத்தின் இடையில் உண்மையிலேயே மேம்பட்டாரா?

அமெரிக்கக் கால்பந்தில் அப்போது டென்னசி டைட்டன்ஸ் அணியின் ரன்னிங் பேக்காக (பந்தை ஏந்தி ஓடும் ஆட்டக்காரராக) இருந்த ஹென்றி, அப்பருவத்தின் முதல் 12 ஆட்டங்களில் 128 முறை பந்தை ஏந்தி ஓடி 474 யார்டுகளே எடுத்திருந்ததால், ரசிகர்கள் சலித்துக்கொண்டதில் வியப்பில்லை. டிசம்பர் 6 அன்று ஜாக்சன்வில் அணிக்கு எதிராக, தம் அணியின் எல்லைக்கோட்டருகே பந்தை வாங்கியவர், மறித்தவர்களை நீட்டிய கையாலேயே ஒருவர்பின் ஒருவராகத் தள்ளிவிட்டு 99 யார்டு ஓடினார். அன்று மொத்தம் 238 யார்டு.

அந்த ஒரே ஓட்டத்தை வைத்து மதிப்பிடுவது (காணொளியை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது என்பது வேறு) சரியன்று. கடைசி 4 ஆட்டங்களில் அவர் எடுத்த 585 யார்டுகளே வலுவான சான்று. ஆயினும் திறமை திடீரென முளைத்ததாக நான் கருதவில்லை. அதுவரை சக ரன்னிங் பேக் டியான் லூயிஸுடன் வாய்ப்புகளைப் பங்கிட்டுவந்தவரிடம், ஜாக்சன்வில் ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக 33 முறை பந்து கொடுக்கப்பட்டது, அவரும் 170 யார்டு ஓடினார்.