கீமோவுக்கு முந்தின ராத்திரி

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்குக் கோயம்புத்தூரில் கீமோ எடுக்கிறேன். முந்தின ராத்திரியே படபடப்பு, தூக்கமில்லை. மனநல டாக்டரைப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: எனக்கும் இதே கதைதான், தங்கச்சி. மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள், மருந்து ஏறாமலேயே வாந்தி வந்துவிடும்! கையில் எலுமிச்சம்பழத்தைக் கசக்கிக்கொண்டே போவேன். நாலாவது தடவை நர்ஸிடம் வாய்விட்டுச் சொன்னேன். அன்றே மனநல ஆலோசகரை அழைத்து வந்தார். அப்புறம், கீமோவோடு பலருக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்து தூக்கத்தைக் கெடுக்கும். உங்களுக்கும் அது உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மலை இறங்க முடியாத நாளில் 14416, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்: தமிழில் பேசலாம், காசில்லை, நடுராத்திரியிலும் எடுப்பார்கள். ஊர் கேட்டால், செக்கப் என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் சமாளித்தேன்.