ரொட்டியில் பூத்த பூசணத்தை மட்டும் வெட்டி எறிந்தால் போதுமா?

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ரொட்டித் துண்டின் ஓரத்தில் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருப்பதைக் கண்டு மூன்று கேள்விகள் கேட்டாள். மூடிய பைக்குள் அது எப்படி வந்தது? அது தாவரமா? அந்த ஓரத்தை வெட்டிவிட்டு மீதியைத் தின்னலாமா? அவளுக்குப் புரியும்படி எப்படி விளக்குவது?

பதில்: மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குங்கள். வெட்டினால் போதாது, அந்தத் துண்டை முழுவதுமாகவும், அதே பையில் அதை ஒட்டிக் கிடந்த மற்ற துண்டுகளையும் எறிந்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் புள்ளிகள், பூஞ்சை தன் வித்துகளைப் பரப்புவதற்காக மேலே தூக்கி நிறுத்தியிருக்கும் பகுதி மட்டுமே. அதன் உடலோ, ஹைஃபா எனப்படும் நிறமற்ற நுண்ணிழைகளாக ரொட்டிக்குள் ஊடுருவிக் கிடக்கிறது. பல பூஞ்சைகளில் இந்த இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இராது என்பதால், அவை பின்னிப் பிணைந்த மைசீலியம் எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. பழத்தைப் பறித்துவிட்டு மரத்தையே அகற்றிவிட்டதாக எண்ணுவது எப்படியோ, ஓரத்தை வெட்டுவதும் அப்படித்தான்.

பூஞ்சை ஏன் உணவுக்கு உள்ளேயே குடியிருக்கிறது என்பதைத்தான் மாணவர்களுக்குச் சற்று நிதானமாக விளக்க வேண்டும். நாம் உணவை விழுங்கிய பிறகு செரிக்கிறோம். பூஞ்சை செரித்த பிறகு உட்கொள்கிறது. அதன் இழைகள் நொதிகளை வெளியே சுரந்து, ரொட்டியிலுள்ள ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைத்து, கரைந்த அந்தச் சத்தைத் தம் சுவர் வழியாக உறிஞ்சிக்கொள்கின்றன. வாயும் வயிறும் இல்லாத ஓர் உயிர் உணவின் மீது அமர்ந்திருந்தால் மட்டும் போதாது, அதற்குள் நுழைந்தாக வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. பச்சையம் இல்லாததால் பூஞ்சையால் ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்க முடியாது. எனவே அது தாவரம் அன்று. அதன் செல்சுவரில் இருப்பது பூச்சிகளின் புற ஓட்டில் உள்ள அதே கைட்டின். அது சேமித்து வைப்பது நம் கல்லீரல் சேமிக்கும் அதே கிளைக்கோஜன். உயிரியலாளர் ராபர்ட் விட்டேக்கர் உயிரினங்களை ஐந்து பெரும் பிரிவுகளாக்கி 1969-இல் வகுத்த ஐந்துலகப் பாகுபாட்டில் பூஞ்சைகளுக்குத் தனி உலகமே ஒதுக்கப்பட்டது. மரபுப்பொருளை ஒப்பிட்டுப் பார்த்தால், பூஞ்சை தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்று தெரிகிறது. காளான் நமக்குத் தூரத்துச் சொந்தம் என்றால் எந்தக் குழந்தைக்கும் மறக்காது.

மூடிய பையைப் பற்றிய கேள்விக்கு விடை எளியது. அடுப்பின் வெப்பத்தில் வித்துகள் அழிந்தாலும், ரொட்டி ஆறும்போதும் நறுக்கப்படும்போதும், நாம் பையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்றில் மிதக்கும் வித்துகள் அதன்மீது விழுகின்றன. ஈரமும் மிதமான வெப்பமும் கிடைத்ததும் அவை முளைக்கின்றன. குளிர்பதனப் பெட்டி அந்த வளர்ச்சியைத் தாமதப்படுத்துமே தவிர, நிறுத்திவிடாது.

பூசணம் பிடித்த ரொட்டியைச் சுட்டுத் தின்னலாமே என்று கேட்பவர்களும் உண்டு. சில பூஞ்சைகள் உருவாக்கும் நச்சுகள் சமையல் வெப்பத்தில் முழுமையாக அழிவதில்லை. நிலக்கடலையிலும் சோளத்திலும் வளரும் ஒரு பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் அத்தகையது. 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டறிந்ததும் ஒரு பூசணத்திலிருந்துதான் என்றாலும், நிறத்தை வைத்து மட்டும் இது மருந்து, இது நஞ்சு என்று பிரித்தறிய முடியாது. அதற்காகப் பூஞ்சை என்றாலே பகை என்றும் மகளிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த ரொட்டியை உப்பவைத்த ஈஸ்ட்டும் ஒருசெல் பூஞ்சைதான், அது வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடுதான் மாவில் குமிழிகளானது.

அவளே சோதித்துப் பார்க்க விரும்பினால், நீர் தெளித்த ஒரு துண்டையும் நன்கு உலர்த்திய ஒரு துண்டையும் தனித்தனி ஒளிபுகும் உறைகளில் போட்டு, வாயை ஒட்டிவிடுங்கள். பதப்படுத்தும் பொருள் சேர்த்த ரொட்டியானால் கூடுதலாகச் சில நாள் பொறுக்க வேண்டியிருக்கும். உறையைத் திறக்கவோ முகர்ந்து பார்க்கவோ கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வித்துகள் மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும். உருப்பெருக்கியால் வெளியிலிருந்தே பார்த்து, நாள்தோறும் தேதியிட்டு வரையச் சொல்லுங்கள். ஈரத்துண்டில் முதலில் வெள்ளை இழைகள் படர்வதையும், அதன் பிறகே கறுப்புப் புள்ளிகள் எழுவதையும் அவளே காண்பாள். முடிந்ததும் உறையைத் திறக்காமலேயே குப்பையில் சேர்த்துவிடுங்கள்.