இழைத்தல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் எழுத்துகளை ஐந்தாறு ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. கேட்கப்போவது இலக்கியக் கேள்வியும் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓராண்டாக வீட்டில் கம்பளி நூல் பின்னக் கற்றுக்கொண்டிருக்கிறேன். யாரும் சொல்லித்தரவில்லை, காணொளிகளைப் பார்த்துத்தான். என் தம்பி மாடியில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மரவேலை செய்கிறான். மாலையானால் நான் ஊசியோடும் அவன் உளியோடும் உட்கார்ந்துவிடுகிறோம். வீட்டில் மற்றவர்களுக்கு இது வேடிக்கை. "கடையில் இதைவிட நன்றாகவே கிடைக்குமே" என்கிறார் அப்பா. "அப்படிச் செய்வதென்றால் விற்கலாமே, நாலு காசாவது வரும்" என்கிறார் சித்தி. இருவருக்கும் என்னிடம் பதில் இல்லை.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. முன்பு மாதம் நான்கு புத்தகங்களாவது படிப்பேன். இப்போது ஒன்றுகூட முடிவதில்லை. அந்த நேரமெல்லாம் ஊசிக்குப் போகிறது. கைவேலையில் மூளைக்கு என்ன இருக்கிறது, பொழுதை வீணடிக்கிறேனோ என்று தோன்றுகிறது. அதிலும் எதையாவது முடித்திருந்தால் பரவாயில்லை. கழுத்தில் சுற்றும் மஃப்ளர் மூன்று தொடங்கி மூன்றையும் பிரித்துவிட்டேன். நான்காவது வளர்கிறது, ஆனால் இரண்டு ஓரமும் குழல்போலச் சுருண்டுகொள்கின்றன. இஸ்திரி போட்டாலும் சற்று நேரத்தில் திரும்பவும் சுருள்கின்றன. தம்பி செய்த பெட்டியின் மூடி, செய்த வாரம் சரியாக உட்கார்ந்தது, இப்போது ஒரு மூலை தூக்கி நிற்கிறது.

நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

சுருளும் ஓரத்தில் தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் திட்டவட்டமாகப் பதில் சொல்லக்கூடியது அதுதான். அந்தப் பதிலும் என்னுடையது இல்லை. எங்கள் வீட்டில் பின்னுபவர் என் மனைவி. கடிதத்தை வாசித்துக் காட்டியபோது கையிலிருந்த வரிசையை முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "முன்பக்கம் முழுக்க நிட், பின்பக்கம் முழுக்க பர்ல் போட்டிருப்பார்" என்றார். நிட், பர்ல் என்பவை பின்னலின் இரண்டு அடிப்படைக் கண்ணிகள். அந்தப் பின்னலின் சுபாவமே சுருள்வதுதானாம். நிட் கண்ணி ஒரு பக்கம் இழுக்கும், பர்ல் கண்ணி மறுபக்கம் இழுக்கும். ஒரே முகத்தில் ஒரே வகை நிறைந்துவிட்டால் எதிர்த்து இழுக்க ஆளில்லை. பக்கவாட்டு ஓரங்கள் பின்னோக்கியும், மேல் கீழ் ஓரங்கள் முன்னோக்கியும் மடங்கும். இஸ்திரிப்பெட்டியால் சுபாவத்தை மாற்ற முடியாது. அடுத்த முறை, இரு ஓரத்திலும் நான்கைந்து கண்ணிகளை எந்த வரிசையானாலும் நிட்டாகவே போடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்தாறு வரிசைகளை முழுக்க அப்படியே பின்னுங்கள். அந்தக் கரை துணியைப் படிய வைக்கும்.

"அப்படியானால் நான்காவதையும் பிரிக்க வேண்டுமா?" என்று கேட்டேன். "பிரித்தால் என்ன?" என்றார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் மரத்தில் கை வைப்பவன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக வைக்கிறேன், இன்னும் கற்றுக்குட்டிதான். "பிரித்தால் என்ன" என்று சொல்ல எங்களுக்கு வழியே கிடையாது. பின்னல் என்பது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நூல். நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரு மாத உழைப்பு சில நிமிடங்களில் மறுபடி நூலாகிவிடும். நெளிநெளியாக இருக்கும், நனைத்துத் தொங்கவிட்டால் அதுவும் போய்விடும். ஒரு கண்ணி நழுவி நாற்பது வரிசை கீழே இறங்கிவிட்டால்கூடக் கொக்கி ஊசியால் படிப்படியாக மேலே ஏற்றிக் கொண்டுவந்துவிடலாம். நான் பார்த்திருக்கிறேன், கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதுபோலத்தான் இருக்கும். மரத்தில் வாள் போன இடம் போனதுதான். வாளின் தடிமன் அளவுக்கு மரம் தூளாகிக் காலடியில் கிடக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் அறுக்க வேண்டியதை அந்தப் பக்கம் அறுத்தேன் என்பதற்காக ஒரு பெட்டி முழுவதையும் இரண்டு மில்லிமீட்டர் சிறிதாக்கியவன் நான்.

ஆகவே நீங்கள் "மூன்று தொடங்கி மூன்றையும் பிரித்துவிட்டேன்" என்று குற்ற ஒப்புதல்போல எழுதியிருப்பது எனக்கு வினோதமாகப் படுகிறது. நான் பிரித்துவிட விரும்பும் பொருட்கள் என் வீட்டில் நான்கு காலோடு நிற்கின்றன.

அவற்றில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், உங்கள் தம்பிக்கும் உதவும். நான் முதலில் செய்த மேசை அது. நான்கு பலகைகளைப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டினேன். நன்றாகவே ஒட்டின. பிறகு, கூடுதல் பலத்துக்கு என்று, அடியில் குறுக்கே இரண்டு சட்டங்களைப் பசை பூசி, திருகாணியும் இறுக்கிப் பொருத்தினேன். மழைக்காலம் முழுக்க அது என் பெருமையாக இருந்தது. கோடையில் ஓர் இரவு ஏதோ வெடித்ததுபோல ஒரு சத்தம். காலையில் பார்த்தால் மேற்பலகையில் ஒரு கோடு, விரல் நகம் நுழையும் அளவு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை.

மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் விரியும், உலர்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் ஏறத்தாழ அசையவே அசையாது. என் பலகைகள் சுருங்க விரும்பின, குறுக்குச் சட்டம் விடவில்லை, பலகை பிளந்துகொண்டது. இது தெரிந்த தச்சர்கள் அங்கே பசையே போடமாட்டார்கள். திருகாணித் துளையைச் சற்று நீளமாகக் குடைந்து, பலகை நகர இடம் விடுவார்கள். பழைய கதவுகளில் நடுப்பலகையைத் தட்டிப் பாருங்கள், லேசாக ஆடும். சட்டத்தில் வெட்டிய காடிக்குள் பசையில்லாமல் சும்மா நிற்கிறது அது. சிறுவயதிலிருந்து அந்த ஆட்டத்தைத் தச்சரின் கவனக்குறைவு என்றே நினைத்திருந்தேன். என் மேசை வெடித்த அன்று காலையில்தான் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு நடந்தேன்.

தம்பியின் மூடியும் இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் மரம் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கான திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் பலகை கிண்ணம்போல வளைகிறது. அவசரப்பட்டு இழைத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னும் மூன்று நான்கு வாரம், காற்று எல்லாப் பக்கமும் படும்படி நிறுத்திவைத்துவிட்டு, அசைவு நின்றபின் இழைக்கட்டும். இன்னொன்று, உளியைத் தீட்டட்டும். தொடக்கக்காரர்களின் மரவேலைத் துயரங்களில் பாதி மழுங்கிய இரும்பால் வருவது. மீதி, புதிதாக வாங்கிய இரும்பால் வருவது. கருவி வாங்குவது தனியொரு பொழுதுபோக்கு, அதை மரவேலையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உங்கள் அப்பாவின் கேள்வியை எடுத்துக்கொண்டால், அதன் வயது 400க்கும் மேல். வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கியது 1589இல். அன்றைக்கே கையால் பின்னுவதன் நியாயம் முடிந்துபோயிருக்க வேண்டும். முடியவில்லை. அப்பா சொல்வது முழுக்க உண்மை, கடையில் இதைவிட நன்றாகத்தான் கிடைக்கும். ஒப்புக்கொண்டுவிடுங்கள். உங்கள் மஃப்ளர் கடைப் பொருளைவிடச் சிறந்தது என்று வாதாடப் போனால் தோற்பீர்கள். கடையில் கிடைப்பது மஃப்ளர் மட்டும்தான். மாலை ஏழு மணிக்கு உங்கள் கையில் வளர்ந்துகொண்டிருப்பது அங்கே விற்பனைக்கு இல்லை.

சித்தியின் யோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். பணம் கெட்டது என்பதால் சொல்லவில்லை, கைவினையால் பிழைப்பவர்கள் மீது எனக்குள்ள மரியாதையே தனி. ஒரு ஸ்வெட்டருக்கு நாற்பது ஐம்பது மணிநேரம் ஆகும். விலை வைத்த நிமிடத்தில் அந்த மணிநேரங்கள் கணக்குப் புத்தகத்தில் ஏறிவிடும். பிறகு பிரிக்க மனம் வராது. ஓரம் சுருண்டால் நஷ்டம். சுமாராகச் செய்யும் உரிமை உங்களுக்கு வேறு எங்கே இருக்கிறது? அலுவலகத்தில் இல்லை, வீட்டுக் கடமைகளில் இல்லை. இருக்கும் ஒன்றையும் விலைபேசிவிடாதீர்கள். (இவையெல்லாம் மன அழுத்தத்துக்கு மருந்து என்று எழுதுகிறவர்களையும் நம்ப வேண்டாம். உளி நாருக்கு எதிராக ஓடிப் பலகையில் சில்லு பெயர்ந்த நாளில் என் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தால் தெரியும்.)

மூளைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கணிதத்தில் அதிபரவளையத் தளம் என்று ஒன்று உண்டு. உருண்டையின் பரப்பு எங்கும் உள்நோக்கி வளைந்து மூடிக்கொள்கிறது அல்லவா, இது அதற்கு மாறாக எங்கும் விரிந்துகொண்டே போகும் பரப்பு. அதைத் தாளில் ஒட்டிச் செய்தால் கிழிந்து நைந்துவிடும். 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதவியலாளர் அதைக் குரோஷே என்ற கொக்கி ஊசியால் பின்னிவிட்டார். விதி மிக எளியது. இத்தனை கண்ணிக்கு ஒரு கண்ணி கூட்டு, அதை மாற்றாதே. பின்னப் பின்ன ஓரம் கீரை இலைபோல மடிப்பு மடிப்பாக நெளிந்து எழும். மாணவர்கள் கையில் எடுத்து மடித்துப் பார்க்க முடிந்தது. கண்ணால் சூத்திரத்தில் பார்த்ததைக் கை தடவித் தெரிந்துகொள்கிறது. உங்கள் சுருளும் ஓரமும் அந்த வகைக் கேள்விதான், நீங்கள் அதைத் தோல்வி என்று நினைத்து இஸ்திரி போட்டீர்கள்.

வாசிப்பு குறைந்ததைப் பற்றி ஆறுதல் சொல்லமாட்டேன். அது இழப்புதான். ஒரு மாலைக்கு இருப்பது அதே மூன்று மணிநேரம். ஆனால் "மாதம் நான்கு" என்று எண்ணிப் படித்த கணக்கு எனக்கு உவப்பாக இல்லை. அதுவும் ஒருவகையில் விலை வைப்பதுதான். நீங்கள் நூலை விட்டுவிட்டு நூலுக்குப் போயிருக்கிறீர்கள், தமிழே இரண்டுக்கும் ஒரு சொல்லை வைத்திருக்கிறது. மரத்தைச் சீவினால் இழைத்தல், முறுக்கிய பஞ்சு இழை. எழுதியதை மீண்டும் மீண்டும் திருத்துபவரையும் "இழைத்து இழைத்துச் செய்கிறார்" என்கிறோம். உங்கள் மூன்று பிரிப்புகளை நான் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். என் மனைவி நேரான வரிசைகளைப் பின்னும்போது ஒலிப்புத்தகம் கேட்கிறார். வடிவம் மாறும் இடம் வந்தால் நிறுத்திவிடுவார். தம்பிக்கு இந்த யோசனை வேண்டாம், உளிக்கு முன்னால் விரல் இருக்கிறது.

என் மனைவி கடைசியாக ஒன்று எழுதச் சொன்னார். நான்காவதைப் பிரிப்பதென்றால், நூலை உருண்டையாகச் சுற்றும்போது இறுக்கிச் சுற்ற வேண்டாம். கம்பளி இழுபட்டபடியே கிடந்தால் துவண்டுவிடும். உருண்டையோடு இரண்டு விரல்களையும் சேர்த்துச் சுற்றி, பிறகு விரல்களை உருவிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.