ஒரு ட்ரேயில் ஒரு கிலோ

கேள்வி: சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஃப்ரைஸ் ஓவனில் செய்து மூன்று முறை தோற்றுவிட்டேன். ஒரு கிலோ கிழங்கை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி, ஒரு சொட்டு எண்ணெய்கூட விடாமல் (ஆரோக்கியத்துக்காகத்தானே ஓவன்!) 180 டிகிரியில் 40 நிமிடம் வைக்கிறேன். நுனி கருகுகிறது, நடுப்பகுதி துவண்டுபோய்க் கிடக்கிறது. படங்களில் மட்டும் மொறுமொறுவென்று நிற்கிறதே? என் ஓவன் சரியில்லையா? ஏர் ஃப்ரையர் வாங்கிவிடட்டுமா? மிச்சமானதை மறுநாள் சாப்பிட வழி உண்டா?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் ஓவன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் ஒரே வரியில் ஐந்து தப்பு இருக்கிறது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அது நுனியையாவது சிவக்க வைத்திருக்கிறதே, அதற்கு நன்றி சொல்லுங்கள்.

முதலில் அந்த ஒரு கிலோ. சர்க்கரைவள்ளியில் 100 கிராமுக்குச் சுமார் 77 கிராம் தண்ணீர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோவில் முக்கால் லிட்டருக்கு மேல் வருகிறது. அவ்வளவு தண்ணீரையும் ஒரே ட்ரேயில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஓவன் கதவைச் சாத்தி, மொறுமொறுப்பு வரவில்லை என்கிறீர்கள். எப்படி வரும்? மேல்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் மொறுமொறுப்பும் அதற்கு வெகு மேலேதான் ஆரம்பிக்கும். நெருக்கமாகக் கிடக்கும் துண்டுகள் ஒன்றின் ஆவியில் மற்றொன்று வெந்துகொண்டிருக்கும். மூன்று முறையும் நீங்கள் செய்தது ஆவியில் வேகவைத்த கிழங்கு. அதற்கு ஓவனே தேவையில்லை.

அரைக் கிலோ போதும். துண்டும் துண்டும் தொடாமல், ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இடம் போதவில்லை என்றால் இரண்டு ட்ரே. இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலே பாதி சரியாகிவிடும்.

அடுத்தது, நீங்கள் இதை உருளைக்கிழங்கு என்று நினைத்துக்கொள்வது. இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்த தண்டு, தக்காளி, கத்தரிக்காய் குடும்பம். இது பருத்த வேர், மார்னிங் குளோரி பூக்கொடியின் குடும்பம். தண்ணீர் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் உருளையில் 100 கிராமுக்கு ஒரு கிராம்கூடத் தேறாத சர்க்கரை, இதில் 4 கிராம் அளவுக்கு இருக்கிறது. விறைப்பான மேலோட்டைக் கட்டித் தரும் மாவுச்சத்தோ இதில் குறைவு. அதுவும் போதாதென்று உள்ளுக்குள்ளேயே ஒரு எதிரி வேறு: பீட்டா அமைலேஸ் என்கிற நொதி. கிழங்கின் சூடு 60, 70 டிகிரிக்குள் இருக்கும்போது இது மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும். முழுக்கிழங்கை மெதுவாகச் சுட்டால் தேன் போல இனிப்பதற்கு இதுதான் காரணம். அங்கே அது வரம், ஃப்ரைஸுக்குச் சாபம். 180 டிகிரியில், அதுவும் நிரம்பி வழியும் ட்ரேயில், கிழங்கு மெல்ல மெல்லச் சூடாகும். நொதிக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும். உள்ளே குழைவு, வெளியே கசிந்த சர்க்கரை, சர்க்கரை இருக்கும் நுனியில் கருகல். உங்கள் ட்ரேயில் நடந்த கதை இதுதான்.

அதனால் ஓவன் 220 டிகிரிக்கு முழுதாகச் சூடேறிய பிறகே ட்ரே உள்ளே போக வேண்டும். ஃபேன் உள்ள ஓவன் என்றால் 200 போதும்.

இப்போது எண்ணெய். ஓவனில் செய்வது எண்ணெயைக் குறைக்கத்தான், ஒழிக்க இல்லை. காற்று சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேலே எண்ணெய் மெலிதாகப் படர்ந்திருந்தால்தான் துண்டின் எல்லாப் பக்கமும் சமமாகச் சூடு ஏறும். அரைக் கிலோவுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி, அவ்வளவுதான். ஆரோக்கியம் பற்றிப் பேசினீர்கள். ஆரஞ்சு நிறக் கிழங்கின் பெருமையே, உடம்புக்குள் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின்தான். அது கொழுப்பில் கரைவது. கொஞ்சம் எண்ணெய் இருந்தால்தான் உடம்பு அதை ஒழுங்காக எடுத்துக்கொள்ளும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: வேகவைத்த சர்க்கரைவள்ளியைவிட ஓவனில் சுட்டது ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், 'எண்ணெய் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடு' என்று தட்டை நீட்டிவிடாதீர்கள்.

உப்பை முன்னாலேயே போட்டால் அது கிழங்கிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். மிளகாய்த்தூள், பூண்டுத்தூள் எல்லாம் 220 டிகிரியில் கருகிக் கசக்கும். இவை எல்லாமே கடைசியில், ட்ரே வெளியே வந்த பிறகு.

சரி, செய்முறை. கிழங்கை விரல் கனத்துக்கு, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நறுக்குங்கள். ஒன்று பென்சில், ஒன்று கட்டைவிரல் என்று இருந்தால் ஒன்று கருகும்போது மற்றொன்று வேகாமல் கிடக்கும். அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் ஊறட்டும். வெட்டின இடத்தில் ஒட்டியிருக்கும் மாவும் கொஞ்சம் சர்க்கரையும் போய்விடும். ராத்திரி முழுக்க ஊறவைக்கச் சொல்பவர்களும் உண்டு, எனக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஊறவைப்பதைவிட முக்கியம் அப்புறம் துடைப்பது. வடிகட்டினால் மட்டும் போதாது, பருத்தித் துணியில் போட்டு ஒவ்வொரு துண்டும் உலர்ந்து சொரசொரப்பாகும்வரை துடையுங்கள். அந்தப் பொறுமை இல்லையென்றால் ஊறவைக்காமலே செய்துவிடுங்கள், அது தேவலாம்.

துடைத்த துண்டுகளில் ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் தூவிக் குலுக்குங்கள். கிழங்கில் குறைவாக இருக்கும் மாவுச்சத்தை வெளியிலிருந்து கடன் கொடுக்கிறோம். மிச்சமிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொண்டு, ஓவன் சூட்டில் மெல்லிய ஓடாகக் காயும். அதற்குப் பிறகு எண்ணெய். வெள்ளையாக மாவு எங்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் அந்த இடம் வாயில் சுண்ணாம்பு மாதிரி இருக்கும். பேக்கிங் பேப்பர் விரித்த ட்ரேயில் (வாங்கிய பேப்பர் 220 டிகிரி தாங்குமா என்று பெட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்) பரப்பி 15 நிமிடம். ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு இன்னும் 10 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள். சர்க்கரை உள்ள பொருள் பொன்னிறத்திலிருந்து கறுப்புக்குப் போக ஒரு போன் அழைப்பு நேரம் போதும். கறுப்பு ருசிக்கு மட்டும் கேடு இல்லை. மாவுப் பண்டங்கள் அதிகச் சூட்டில் சிவக்கும்போது, புற்றுநோயைத் தூண்டலாம் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாகிறது என்று 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் சொன்னதிலிருந்து, பொன்னிறத்தோடு நிறுத்துவதே நல்லது என்பதுதான் பொதுவான அறிவுரை. ஓவனை அணைத்து, கதவை லேசாகத் திறந்துவைத்து, ஐந்து நிமிடம் உள்ளேயே விடுங்கள். ஆவி வெளியேறும். உடனே எடுத்துக் கிண்ணத்தில் குவித்தால், அத்தனை உழைப்பும் இரண்டு நிமிடத்தில் நமத்துப்போகும்.

வெள்ளை, ஊதா நிறக் கிழங்குகளில் பொதுவாக ஈரம் குறைவு, மாவு அதிகம். மொறுமொறுப்புதான் குறி என்றால் அவை நல்லது. பச்சைக் கிழங்கை ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். குளிரில் உள்ளே கெட்டிப்பட்டு, எவ்வளவு வேகவைத்தாலும் நடுவில் கடுக்கென்றே இருக்கும்.

படங்களைப் பற்றிக் கேட்டீர்கள். படத்தில் இருப்பது ஓவனில்தான் செய்தது என்று யாரும் சத்தியம் பண்ணித் தரவில்லையே! உறையவைத்து விற்கும் ஃப்ரைஸுக்கும் பெரும்பாலும் மாவுக் கரைசல் பூசி, ஒருமுறை எண்ணெயில் பாதி பொரித்துத்தான் பையில் போடுகிறார்கள். நான் சொன்னபடி செய்தாலும் உங்களுக்குக் கிடைப்பது மெல்லிய மொறுமொறு ஓடும் உள்ளே மிருதுவும்தான். எண்ணெயில் பொரித்த உருளை மாதிரி உடைகிற சத்தம் வராது. அதைச் சொல்லாமல் குறிப்பு எழுதுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

ஏர் ஃப்ரையர் என்பது வேகமான ஃபேன் வைத்த குட்டி ஓவன். ஆவியைச் சீக்கிரம் விரட்டும், அதனால் வேலை சற்றுச் சுலபம். ஆனால் கூடை சிறியது. அதிலும் ஒரு கிலோவைத் திணிப்பதாக இருந்தால் வாங்காதீர்கள்.

மறுநாள் விஷயம்: மைக்ரோவேவில் வைத்தால் களியாகிவிடும். 200 டிகிரி ஓவனில் ஆறேழு நிமிடம் வைத்தால் முக்கால்வாசி மீளும். அரைக் கிலோ செய்தால் மிச்சமே இருக்காது என்பது வேறு விஷயம்.