வியாழக்கிழமை ஃப்ரைடு ரைஸ்: வாசகர் கேள்வி, பதில்

கே: மதியச் சாப்பாட்டுக்குச் செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு சைனீஸ் கடைக்குப் போவதாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். காரைக்குடியில் இருந்துகொண்டு ஃப்ரைடு ரைஸா? வெட்கமாக இல்லையா ஐயா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

ப: இல்லை ஆச்சி. வியாழக்கிழமை ஒருநாள்தான், வங்கியில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். மற்ற ஆறு நாளும் வீட்டில் குழம்பும் ரசமும்தான்.

மாடிப்படி ஏறினால் ஆறே மேசை. ஏ.சி. கிடையாது. வினிகரில் ஊறும் பச்சைமிளகாய்க் கிண்ணம், மூடி பிசுபிசுக்கிற சாஸ் பாட்டில். ஒரு மணி அடித்தால் ஜவுளிக்கடைப் பையன்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஒன்றாக வந்து விழுவார்கள். கடைசி வாய் உள்ளே போகுமுன்பே அடுத்த ஆள் நம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஃப்ரைடு ரைஸை நம்பிச் சாப்பிடலாம். சூப் வேண்டவே வேண்டாம், அது சோளமாவுக் கஞ்சி.

அப்புறம், நம் வீட்டுச் சமையல் மட்டும் முழுக்க இந்த மண்ணில் விளைந்ததா? கோழிக்குழம்பில் தாளிக்கிற அன்னாசிப்பூவுக்குச் சொந்த ஊர் தென்சீனாவும் வட வியட்நாமும். கல்யாணப் பந்தியில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் நெய்யும் போட்டு வைக்கிறோமே கவுனி அரிசி, அது பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் மூட்டையில் வந்தது என்பார்கள். இதை எங்கள் ஆயாவிடம் சொல்லியிருந்தால் கரண்டி பறந்திருக்கும்.

கே: கோபி மஞ்சூரியன் மஞ்சூரியாவில் பிறந்ததா?
- கல்லூரி மாணவர், புதுவயல்

ப: அங்கே போய்க் கேட்டால் முழிப்பார்கள். கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங் 1975-ல் மும்பையிலுள்ள கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சிக்கன் மஞ்சூரியனைச் செய்தார் என்பார்கள். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் என்று நம்மூர்த் தாளிப்பு. அதில் கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸும் சோளமாவும். கோழி இருந்த இடத்தில் பிறகு காலிஃபிளவர் வந்து உட்கார்ந்துகொண்டது.

கே: அஜினமோட்டோ போடுவார்களே, பயமில்லையா?
- வாசகர், பள்ளத்தூர்

ப: முதலில், அது சீனச் சரக்கே இல்லை, ஜப்பான்காரர் கண்டது. கடற்பாசிச் சாற்றின் ருசி எதனால் என்று ஆராய்ந்து 1908-ல் குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார் கிகுனே இகேதா. அடுத்த ஆண்டே அது அஜினமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தக்காளியிலும் இயற்கையாகவே குளூட்டமேட் உண்டு. சீனச் சாப்பாடு சாப்பிட்டால் மரத்துப்போகிறது, படபடக்கிறது என்று 1968-ல் ஒரு மருத்துவ இதழுக்கு வந்த கடிதத்தில் கிளம்பியது இந்தப் பயம். பிற்பாடு நடந்த சோதனைகளில் அது உறுதியாக நிரூபணமாகவில்லை. ஆனாலும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் கவலைப்படுவது உப்புக்குத்தான், எனக்குப் பிரஷர் இருக்கிறது.

கே: ஃப்ரைடு ரைஸ் வீட்டில் செய்தால் குழைந்து போகிறதே, ஏன்?
- வாசகி, கானாடுகாத்தான்

ப: சுடச்சுட வடித்த சோற்றைப் போட்டிருப்பீர்கள். ஈரம் போகாமல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கடை மாஸ்டர் காலையிலேயே முக்கால் பதமாக வடித்து, தட்டில் பரப்பி ஆறவிடுகிறார். பிறகு சட்டி புகைகிற சூட்டில் ஒரு ஆளுக்கு மட்டும் போட்டுக் கிளறுகிறார். நாலு பேருக்குச் சேர்த்துப் போட்டால் சட்டியின் சூடு இறங்கி, சோறு வறுபடாமல் வேகும். நம் வீட்டு கேஸ் அடுப்பில் அந்தச் சூடு வராது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

நானும் இதையெல்லாம் கேட்டுவந்து போன ஞாயிறு செய்தேன். எங்கள் வீட்டு ஆச்சி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இந்தச் சோத்துல எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கலாம்" என்றாள்.